ஸ்பைக் ஷூ: ஒரு ஸ்பைக் கழன்று விழுகிறது, இன்னொன்று கழற்றவே வரவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். 200 மீட்டர், 400 மீட்டர் ஓடும் எங்கள் மாணவி ஒருவரின் ஸ்பைக் ஷூவில் (அடியில் கூர்முனைகள் கொண்ட ஓட்டக் காலணி) ஏற்பட்டிருக்கும் கோளாறுகளுக்கு உங்கள் உதவியை நாடுகிறேன். ஒவ்வொரு ஷூவிலும் ஏழு ஸ்பைக்குகளைத் திருகிப் பொருத்த இடம் இருக்கிறது. பள்ளி மைதானம் செம்மண் தரை என்பதால் பயிற்சிக்கு 12 மி.மீ. ஊசி ஸ்பைக் போடுகிறோம். போட்டி நடக்கும் சிந்தெடிக் டிராக்கில் 6 மி.மீ. பிரமிட் ஸ்பைக் மட்டுமே அனுமதிக்கப்படுவதால், போட்டிக்கு முன்பும் பின்பும் எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டியிருக்கிறது.

இப்போது மூன்று இடங்களில் தொல்லை. வலது ஷூவில் பெருவிரலுக்கு நேர் கீழே இருக்கும் ஸ்பைக்கை எவ்வளவு இறுக்கினாலும் ஓடி முடிப்பதற்குள் தளர்ந்துவிடுகிறது. சென்ற போட்டியில் அது கழன்று டிராக்கிலேயே விழுந்துவிட்டது. இடது ஷூவில் ஒரு ஸ்பைக் துருவேறி இறுகி நிற்கிறது. சாவி பிடிக்கும் விளிம்புகள் மழுங்கிவிட்டதால் சாவி வழுக்குகிறது. வலது ஷூவின் பின்வரிசையில் இன்னொன்று எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றுகிறதே தவிர, உள்ளேயும் போவதில்லை, வெளியேயும் வருவதில்லை.

முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்த ஷூ இது. மாநிலப் போட்டி நெருங்கிவிட்ட நிலையில் இன்னொன்று வாங்க வழியில்லை. தளரும் ஸ்பைக்குக்கு வாஷர் போடலாம் என்று ஒருவரும், மரையில் பூசும் பசை போடலாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். செய்யலாமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில்: லேத் பட்டறை, கோவை

வணக்கம் ஐயா. துருப்பிடித்ததை முதலில் பார்ப்போம், அதற்கு வழி இருக்கிறது. துரு இளக்கும் எண்ணெயை நேரடியாகத் தெளித்துவிடாதீர்கள், சோலை ஒட்டியிருக்கும் பசையை அது இளக்கிவிடக்கூடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, ஸ்பைக்கின் காலர் (மரைக்கு மேல் சோலில் அழுந்தி உட்காரும் அகன்ற பகுதி) சோலைத் தொடும் விளிம்பில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் விட்டு, ஷூவைக் கவிழ்த்தபடியே ஓர் இரவு வைத்துவிடுங்கள். எடுத்த எடுப்பில் கழற்றும் திசையில் பலம் கொடுக்காமல், முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துப் பாருங்கள். துருவின் பிடி உடைந்த பிறகு முன்னும் பின்னுமாக அசைத்தபடியே வெளியே கொண்டுவர வேண்டும்.

சாவி பிடிக்கவில்லை என்பதால், காலரின் இரு பக்கங்களிலும் சிறிய தட்டை அரத்தால் எதிரெதிரே இரண்டு சமதளங்களை உண்டாக்கி, வைஸ் கிரிப்பால் (பிடித்ததும் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) அந்தத் தளங்களைக் கவ்விப் பிடியுங்கள். கூர்முனையைப் பிடித்துத் திருகினால் அது முறிந்து, மரைப் பகுதி உள்ளேயே தங்கிவிடும். சால்டரிங் கோல் கொண்டு சூடாக்கச் சொல்பவர்கள் உண்டு. இரும்பில் ஏறும் சூடு நேராகப் பிளாஸ்டிக் தகட்டுக்குத்தான் போகும் என்பதால் அதைச் செய்யவே வேண்டாம்.

பதில்: காலணி வடிவமைப்பாளர், ஆம்பூர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தளரும் ஸ்பைக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லா ஸ்பைக்குகளையும் சாவியால் முழுமையாக இறுக்கிய பிறகு, நோட்டுப் புத்தகத் தாளின் ஓரத்தைக் காலருக்கும் சோலுக்கும் இடையே நுழைக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அது தெரியாமல் நான் எதைச் சொன்னாலும் ஊகமாகத்தான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. பெருவிரலுக்குக் கீழே இருக்கும் ஸ்பைக்கிலும் அதற்கு அடுத்ததிலும் தாள் எளிதாக உள்ளே போகிறது. வலது ஷூவில் சும்மா சுற்றுவதைத் தவிர மற்றவற்றில் தாள் போகவில்லை. தளரும் இடத்தில் புதிய ஸ்பைக்கைப் போட்டுப் பார்த்தாலும் அதே நிலைதான்.

பதில்: காலணி வடிவமைப்பாளர், ஆம்பூர்

அப்படியானால் குறை ஸ்பைக்கில் இல்லை, அது உட்காரும் இடத்தில் இருக்கிறது. சற்று விரிவாகவே சொல்கிறேன். இதன் அமைப்பு புரிந்துவிட்டால், வாஷர் கூடாது, பசை கூடாது என்று நான் சொல்லப்போவதன் காரணமும் விளங்கிவிடும்.

ஷூவின் முன்பாதத்தில் விறைப்பான பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. தகட்டை வார்க்கும்போதே ஒவ்வொரு இடத்திலும் மரையிட்ட சிறு நட்டு ஒன்றைப் பதித்துவிடுகிறார்கள். இந்த நட்டின் அடியில் அகன்ற விளிம்பு இருக்கும். அந்த விளிம்பில் உள்ள பள்ளங்களிலும் துளைகளிலும் பிளாஸ்டிக் புகுந்து இறுகுவதால்தான் நட்டு பிய்த்துக்கொண்டு வராமலும், இடத்திலேயே சுழலாமலும் நிற்கிறது. ஸ்பைக் தேய்ந்தால் வீசிவிட்டு வேறொன்று போடலாம், நட்டை மாற்ற முடியாது. ஆகவே இந்த ஷூவில் நாம் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியது நட்டையும் அதன் வாயையும்தான்.

வேக ஓட்டத்தில் ஒரு பாதம் தரையைத் தொட்டு எழுவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வினாடியில் முடிந்துவிடும். அந்தச் சிறு பொழுதில் ஸ்பைக்கின் முனையைத் தரை முன்னும் பின்னுமாகவும் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. காலர் சோலோடு முழுவதுமாக அழுந்தி உட்கார்ந்திருந்தால் அந்த விசையைத் தகடு ஏற்றுக்கொள்கிறது, மரைக்கு ஸ்பைக்கை இழுத்துப் பிடித்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காலருக்கும் சோலுக்கும் இடையே ஒரு தாள் அளவு இடைவெளி விழுந்தாலும் நிலைமை தலைகீழாகிவிடும்: ஸ்பைக் நெம்புகோலாக மாறி, முழு விசையையும் மரையின் முதல் ஓரிரு சுற்றுகள் மீது ஏற்றும். பக்கவாட்டு அசைவு திரும்பத் திரும்ப நிகழும்போது இறுக்கிய திருகு தானாகவே தளரும் என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ஆம் ஆண்டிலேயே சோதனையில் காட்டியிருக்கிறார். நேர்த்திசையில் இழுத்து விடுவதைவிடக் குறுக்கே அசைப்பதே திருகை அதிகம் தளர்த்தும் என்பது அவர் கண்டது. உங்கள் மாணவியின் பெருவிரலுக்குக் கீழே நடப்பது அதுவேதான். தள்ளி எழும் கடைசி நொடியில் மிகுதியான விசை விழும் இடமும் அதுதான்.

இடைவெளி ஏன் வந்தது? ஸ்பைக் இல்லாமல் குழி திறந்திருக்கும் நேரத்தில் மண் உள்ளே போகிறது. அடுத்த ஸ்பைக் அதை அடியில் வைத்து அழுத்துகிறது. குழியின் அடிப்பக்கம் மூடியிருப்பதால் அந்த மண் வெளியேற வழியில்லாமல் கெட்டித்துப்போகிறது. செம்மண் வியர்வையோடும் மழைநீரோடும் சேர்ந்தால் சுட்ட செங்கல் போல ஆகிவிடும். ஸ்பைக்கின் மரைப் பகுதி அந்த மண்ணில் மோதி நின்றதும் கைக்கு இறுகிவிட்டது போலத் தோன்றும், காலரோ இன்னும் சோலைத் தொட்டிருக்காது.

வாஷர் போட்டால் மேலே தெரியும் இடைவெளி மறையும். ஆனால் மரை பிடித்திருக்கும் நீளம் அதனால் கூடுவதில்லை. சுத்தமான குழியில் போட்டாலோ அந்த நீளம் குறையவே செய்யும். அதோடு, சோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் அளவும் வாஷரின் கனத்துக்குக் கூடிவிடும். மரையில் பூசும் பசை உலோகத்துக்கு உரியது. வழிந்து பிளாஸ்டிக் தகட்டில் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக்குகளில் நுண்விரிசல் உண்டாகலாம். மேலும், கழற்றி மாற்றுவதற்காகவே செய்யப்பட்ட ஒன்றைப் பசை வைத்து ஒட்டினால் அடுத்த போட்டிக்கு எப்படி மாற்றுவீர்கள்?

குழியைத் துப்புரவாக்குவதே தீர்வு. குண்டூசியின் கூரால் அடிமண்ணைக் குத்திக் கிளறி, ஷூவைக் கவிழ்த்துத் தட்டுங்கள். தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டாம். மரைக்குள் ஒட்டியிருப்பதை எடுப்பதற்குப் பட்டறை நண்பர் ஒரு வழி சொல்லக்கூடும்.

பதில்: லேத் பட்டறை, கோவை

சொல்கிறேன். கடையில் டேப் (நட்டுக்குள் மரை வெட்டும் கருவி) வாங்க வேண்டாம். ஷூவுக்கு ஷூ மரை அளவு மாறும், தவறான டேப் உள்ளே போனால் இருக்கும் மரையும் போய்விடும். அதே ஷூவில் சரியாக உட்காரும் பழைய இரும்பு ஸ்பைக் ஒன்றை எடுத்து, மரைப் பகுதியில் நீளவாக்கில் முக்கோண அரத்தால் ஒரு பள்ளம் வெட்டி, பிசிறை நீக்குங்கள். துளி மெஷின் எண்ணெய் தடவி, கையால் அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று மெதுவாகத் திருகினால், சுரண்டப்படும் மண் அந்தப் பள்ளத்தில் வந்து சேரும். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். இது புதிய மரையை வெட்டாது, இருப்பதைச் சுத்தம் செய்யும். உங்களுக்குத் தேவை அவ்வளவுதான்.

பதில்: காலணி வடிவமைப்பாளர், ஆம்பூர்

மிக நல்ல வழி. சும்மா சுற்றும் ஸ்பைக்குக்கு வருகிறேன். அங்கே நட்டே தகட்டுக்குள் சுழல்கிறது, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் அரைபட்டுவிட்டது. கட்டிங் பிளேயரால் காலரைப் பிடித்து, ஸ்பைக்கைச் சோலிலிருந்து வெளிப்பக்கமாக நன்றாக இழுத்துப் பிடித்தபடியே கழற்றும் திசையில் திருப்புங்கள். இழுக்கும்போது நட்டின் அகன்ற விளிம்பு தகட்டின் அடிப்பாகத்தில் அழுந்தும். அந்த உராய்வே பெரும்பாலும் நட்டைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. கழன்ற பிறகு அந்த இடத்தில் மறுபடியும் ஸ்பைக் போட வேண்டாம். விளிம்பு தகட்டுக்கு உள்ளே புதைந்திருப்பதால் வெளியிலிருந்து ஊற்றும் எப்பாக்ஸி பசை அங்கே போய்ச் சேராது. மண் புகாமல் சிறிதளவு சிலிக்கோன் பசையால் வாயை மட்டும் மூடிவிடுங்கள். பின்வரிசை என்பதால் இழப்பு பெரிதல்ல, பெருவிரலுக்குக் கீழே இது நடந்திருந்தால் வேறு ஷூ தேடச் சொல்லியிருப்பேன்.

கழற்றி மாற்றும் வசதி எதற்காக வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். 1954-இல் பெர்ன் நகரில் மழையில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், மேற்கு ஜெர்மனி அணியினர் அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் செய்து கொடுத்த ஷூக்களில் ஈரத்தரைக்கு ஏற்ற நீளமான குமிழ்களைத் திருகிக்கொண்டு ஆடி, 0-2 என்று பின்தங்கியிருந்த நிலையிலிருந்து ஹங்கேரியை 3-2 என்று வென்றார்கள். தரைக்கு ஏற்ப நீளத்தை மாற்றுவதுதான் இந்த வடிவமைப்பின் உயிர். மாற்றுகிற ஒவ்வொரு முறையும் குழி திறந்து கிடப்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

பதில்: தடகளப் பயிற்சியாளர், சென்னை

ஆசிரியர் சார், விதிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். உலகத் தடகள விதிப்படி ஒரு ஷூவில் 11 ஸ்பைக் வரை இருக்கலாம், அதற்குக் குறைவாக எத்தனை இருந்தாலும் தவறில்லை. ஆகவே வலது ஷூவில் ஆறோடு ஓடுவதற்குத் தடையேதும் இல்லை. சிந்தெடிக் தரையில் சோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் நீளம் 9 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12 மி.மீ. வரை அனுமதி உண்டு. டிராக்கைப் பராமரிப்பவர்கள் இதைவிடக் குறைவான அளவை வகுத்தால் அதுவே செல்லும், உங்களுக்கு 6 மி.மீ. என்று சொன்னது அப்படித்தான். சிந்தெடிக் அல்லாத தரைக்கு உச்ச அளவு 25 மி.மீ. என்பதால் பயிற்சிக்குப் போடும் 12 மி.மீ.யிலும் சிக்கலில்லை.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். மாணவி வளைவில் ஓடுபவர். இடப்பக்கம் திரும்பும் வளைவில் வலது பாதத்தின் உட்பக்கம், அதாவது பெருவிரல் பக்கம், மிகுதியாக அழுந்தும். அங்கே ஸ்பைக் தளர்ந்தால் நேரம் குறைவது மட்டுமல்ல, கால் வழுக்கித் தசை பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. பக்கத்துப் பாதையில் ஓடும் பிள்ளையின் காலடியில் கழன்ற ஸ்பைக் கிடப்பதையும் எண்ணிப் பாருங்கள். போட்டிக்கு முன் நன்றாகச் சோதித்துவிட்டு அனுப்புங்கள்.

ஸ்பைக் மாட்டாத நாட்களில் குழியை மூடி வைப்பதற்கென்றே முனையில்லாத டம்மி ஸ்பைக்குகள் விற்கின்றன. விலை குறைவுதான், ஒரு செட் வாங்கி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளம் வெட்டிய ஸ்பைக்கைத் திருகியபோது முதலில் சிவந்த தூளாக வந்தது. பிறகு குண்டூசியால் குத்தியதும் பயறு அளவுக்குக் கெட்டியான மண் கட்டி ஒன்று குழியின் அடியிலிருந்து பெயர்ந்து விழுந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஸ்பைக் முனையின் வட்டத் தடம் அப்படியே பதிந்திருந்தது. பக்கத்துக் குழியிலும் அதே கதைதான். இப்போது இரண்டிலும் தாள் நுழையவில்லை. மாணவி செம்மண்ணில் முழு வேகத்தில் ஓடிப் பார்த்தபோதும் ஸ்பைக் அசையவில்லை.

இடது ஷூவில் துருப்பிடித்தது எண்ணெயில் ஊறிய பிறகு வைஸ் கிரிப்புக்கு இணங்கி வந்துவிட்டது. சும்மா சுற்றியதும் இழுத்துப் பிடித்துத் திருப்பியதில் கழன்றது, அந்த வாயைச் சிலிக்கோனால் அடைத்துவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம்: போட்டிக்கு 6 மி.மீ. ஸ்பைக்குகளை முந்தைய நாளே மாட்டிவிடலாமா? மரையில் கிரீஸ் தடவலாமா?

பதில்: காலணி வடிவமைப்பாளர், ஆம்பூர்

மகிழ்ச்சி ஐயா. முந்தைய நாளே மாட்டுவதுதான் நல்லது. தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல அமுங்கும் இயல்புடையது, ஆகவே முதலில் கொடுத்த இறுக்கத்தில் கொஞ்சம் குறைந்துவிடும். மறுநாள் வார்ம்-அப் முடிந்ததும் சாவியால் ஒருமுறை இறுக்கிக் கொடுத்தால் போதும். காலர் உட்கார்ந்த பிறகு கையில் நெம்பி மேலும் மேலும் இறுக்க வேண்டாம், நட்டு சுழலத் தொடங்குவது பெரும்பாலும் அதனால்தான். கிரீஸை ஸ்பைக்கின் மரையில் மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள், துருப்பிடிக்காமல் காக்கும். காலரின் அடியிலும் சோலிலும் படாமல் துடைத்துவிடுங்கள். மண் தரையில் ஓடிய நாட்களில் ஷூவைக் கவிழ்த்து நிழலில் உலர்த்தி, ஸ்பைக்கைக் கழற்றுவதற்கு முன்பே காலரைச் சுற்றியிருக்கும் மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடச் சொல்லுங்கள்.