ஹர்மன்ப்ரீத் பெஞ்சில் இருந்தால் பெனால்டி கார்னர் யாருக்கு?

கோல்கம்பம்: பாரிஸ் 2024 ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவின் ஹர்மன்ப்ரீத் மட்டும் 10 கோல். அவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறால் கிடைக்கும் கோல் வாய்ப்பு) வந்தால்? உடனே உள்ளே அழைக்க முடியாதா?

இடது_விங்: முடியாது. கார்னர் கொடுத்த நொடியிலிருந்து அது முடியும்வரை ஆள் மாற்றக் கூடாது. காயம்பட்ட அல்லது அட்டை வாங்கி வெளியேறிய தடுக்கும் அணி கோல்கீப்பருக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் அவர் வெளியே வரும்போது கார்னர் அடிக்கத் தெரிந்த ஜுக்ராஜோ சஞ்சயோ களத்தில் இருந்தே ஆகணும். இது பயிற்சியாளர் போடும் சுழற்சிக் கணக்கு. ரசிகர்கள் ஃபிளிக்கரை (கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசுபவரை) திட்டுவது அநியாயம்.

டிராக்ஃபிளிக்: ஃபிளிக் மட்டுமே கார்னர் இல்லைங்க. கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி பந்தைத் தள்ளுபவர், கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்கு வெளியே அதை நிறுத்துபவர், இந்த இருவரிடமும்தான் பாதி கோல் போகிறது. நிறுத்தும் மட்டையில் பந்து துள்ளினால் அரை நொடி போச்சு. முதலில் ஓடிவரும் தடுப்பாளர் காலடிக்கே வந்துவிடுவார். முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால் பந்து கோலின் அடியிலுள்ள 460 மி.மீ. உயரப் பலகைக்கு மேல் போகக் கூடாது, ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. மாற்று ஆளாக வெறும் பலசாலி போதாது என்பது இதனால்தான்.

கோல்கம்பம்: அப்போ நிர்வாகத்தின் மேல் குறையே இல்லையா?

இடது_விங்: இருக்கு. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றபின் வந்த கோல்கீப்பர்கள் பதக், கர்கேரா இருவரும் திறமைசாலிகள்தான். ஆனால் ஆட்டம் சமனானால் வரும் ஷூட்-அவுட்டில், ஒவ்வொரு முயற்சிக்கும் உள்ள அந்த 8 நொடிக்கு, கோலில் யார் நிற்பது என்று முன்பே முடிவு செய்து பழக்கணும். பாரிஸ் காலிறுதியில் நம் தடுப்பாட்டக்காரர் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி, 10 பேரோடு ஆடியும் பிரிட்டனை ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றதே ஸ்ரீஜேஷால்தானே!