புதுப்பிப்பு: கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன் செலுத்தப்படும் திரவம்

லைபோசக்‌ஷன் (உடலில் தேங்கிய கொழுப்பை உறிஞ்சி அகற்றும் அறுவை சிகிச்சை) பற்றிய என் முந்தைய பதிவில், குழாய் நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சும் கட்டத்தை விளக்கியிருந்தேன். இரத்த இழப்பு எப்படிக் கட்டுப்படுகிறது என்று சிலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன்.

உறிஞ்சத் தொடங்குவதற்கு முன், உப்புநீர்க் கரைசலில், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னையும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் எபிநெஃப்ரினையும் கலந்து, தோலுக்கடியிலுள்ள கொழுப்புப் படலம் விறைத்து இறுகும் அளவுக்கு மெதுவாகச் செலுத்துகிறார்கள். கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1980களில் உருவாக்கிய இம்முறையே, என் பார்வையில், இச்சிகிச்சையின் மிகப் பெரிய முன்னேற்றம். மருந்து வேலை செய்யக் காத்திருந்த பிறகே, சிறு துளைகள் வழியே முனை மழுங்கிய கேனுலா என்னும் மெல்லிய குழாயை முன்னும் பின்னும் நகர்த்திக் கொழுப்பை வெளியேற்றுகிறார்கள்.

ஒன்றை வலியுறுத்த வேண்டும்: கொழுப்பில் தங்கிய லிடோகெய்ன் மெல்ல மெல்லவே இரத்தத்தில் கலப்பதால், அதன் அளவு உச்சத்தை எட்டுவது பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நோயாளி வீடு திரும்பிய பின்னரே. ஆகவே லிடோகெய்ன் இரத்தத்தில் அளவு மீறியதன் அறிகுறிகளான உதடு மரத்தல், காதில் இரைச்சல், தலைசுற்றல், குழறும் பேச்சு ஆகியவற்றைக் களைப்பு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அன்றிரவு துணைக்கு ஒருவர் அவசியம் இருக்க வேண்டும். வெளியேற்றும் கொழுப்பும் திரவமும் சேர்ந்த மொத்த அளவு 5 லிட்டரைத் தாண்டினால், அந்த இரவை மருத்துவமனைக் கண்காணிப்பிலேயே கழிப்பது நல்லது.