பிரான்ஸ் கோப்பையைப் போல நம் வட்டாரப் போட்டியையும் எல்லா அணிகளுக்கும் திறந்துவிடலாமா?

ராதாபுரம் வட்டாரம்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கடலோர ஊரில் கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் கால்பந்துப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து வரும் கல்லூரி அணிகளோடும் பெயர்பெற்ற சில அணிகளோடும் நிறுத்திக்கொண்டால்தான் ஆட்டம் தரமாக இருக்கும் என்று குழுவில் பலர் சொல்கிறார்கள். சுற்றுவட்டாரத்துச் சின்ன ஊர் அணிகளையும் ஒரே குலுக்கலில் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பிரான்ஸ் நாட்டில் தொழில்முறைக் கழகங்களும் உள்ளூர்க் கழகங்களும் ஒரே கோப்பைக்கு மோதுவதாகப் படித்திருக்கிறேன். அது எப்படி நடக்கிறது, நமக்கு ஒத்துவருமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

உவரிக் கரை:
அண்ணாச்சி, உங்கள் விருப்பம் சரியானது என்பதற்கு அந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. அங்கே கால் நூற்றாண்டுக் காலம் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்று, முதல் உலகப் போரில் உயிர்நீத்த சார்ல் சிமோன் என்பவரின் நினைவாக 1917-இல் தொடங்கிய பிரான்ஸ் கோப்பை; ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கழகங்கள் அதில் பெயர் கொடுக்கின்றன. மற்றொன்று, 1994-95 பருவத்தில் தொழில்முறைக் கழகங்களுக்கு மட்டுமென்று தொடங்கிய லீக் கோப்பை. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் பெரிய கழகங்கள் அதில் பிந்திய சுற்றில் நேரடியாக நுழையலாம் என்ற சலுகையும் இருந்தது. வாரந்தோறும் லீக்கில் மோதும் அதே அணிகளை மறுபடியும் பார்க்க மக்களுக்கு என்ன ஆவல் இருக்கும்? கடைசியில் ஒளிபரப்பு உரிமையை வாங்கவே ஆள் வராமல், 2020-இல் லியோன் அணியைப் பாரிஸ் நகரத்துப் பெரிய கழகமான பி.எஸ்.ஜி. பெனால்டியில் வென்ற இறுதி ஆட்டத்தோடு அது நின்றுபோனது. வாசலைத் திறந்து வைத்த பழைய கோப்பையோ இன்றும் நடக்கிறது.

அதில் முதல் டிவிஷன் கழகங்கள், அதாவது நாட்டின் உச்சநிலை லீக்கில் ஆடுபவை, தொடக்கத்திலேயே வருவதில்லை. கீழ்மட்ட அணிகள் மாதக்கணக்கில் தமக்குள் ஆடி வடிகட்டப்பட்ட பிறகு, 64 அணிகள் எஞ்சும் சுற்றில்தான் அவை நுழைகின்றன. எதிரணியைவிட இரண்டு டிவிஷனோ அதற்கு மேலோ கீழே இருக்கும் அணிக்குத்தான் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமை. இறுதி ஆட்டம் தவிர மற்றவற்றில் இப்போது கூடுதல் நேரமும் கிடையாது. சமநிலையானால் நேரே பெனால்டிதான். களைத்துப்போன சின்ன அணிக்கு இதைவிடப் பெரிய துணை எதுவும் இல்லை.

2000-ஆம் ஆண்டில் நான்காம் டிவிஷனில் இருந்த கலே துறைமுக நகரத்து அணி, ஸ்ட்ராஸ்பூர், போர்தோ ஆகிய முதல் டிவிஷன் அணிகளை வீழ்த்தி இறுதிக்கு வந்து, நாந்த் அணிக்கு எதிராக முதல் கோலையும் போட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த ஒரு பெனால்டியால்தான் நாந்த் 2-1 என்று வென்றது. அந்த அணித் தலைவர் லாந்த்ரோ, கோப்பையைத் தூக்கும்போது கலே அணித் தலைவரையும் அழைத்து, இருவருமாகச் சேர்ந்தே உயர்த்தினார்கள்.

வள்ளியூர் வாசகர்:
நம்மவர்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்றையும் சேர்க்கிறேன். தமிழகத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தோர் பெருமளவில் வாழும் ரீயூனியன் தீவின் அணிகளுக்கும் இந்தக் கோப்பையில் இடம் உண்டு. அங்குள்ள சென்-பியேர் நகரத்து அணி கடல் கடந்து போய், 2020 ஜனவரியில் இரண்டாம் டிவிஷனின் நியோர் அணியை அதன் மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்தது.

பேட்டை நடுவர்:
நண்பர்கள் சொன்னவை உண்மை. ஆயினும் மறுபக்கத்தையும் குழு பார்க்க வேண்டும். 2023-இல் பேயி த காஸெல் என்ற சிற்றூர் அணி பி.எஸ்.ஜி.யிடம் 0-7 என்று தோற்றது. பி.எஸ்.ஜி.யின் நட்சத்திர வீரர் எம்பாப்பே மட்டுமே ஐந்து கோல் போட்டார். கூட்டத்துக்கு இடம் போதாதென்று அந்த ஆட்டத்தை லான்ஸ் நகரத்துப் பெரிய அரங்குக்கு மாற்றியிருந்தார்கள், ஆகவே சொந்த மைதான உரிமையும் பெயரளவில்தான் இருந்தது. கலே கழகத்தின் பிற்காலமும் வருத்தத்துக்குரியது. அந்தப் புகழை நம்பி நகரத்தில் பெரிய அரங்கம் எழும்பியது. கழகமோ கடனில் மூழ்கி 2017-இல் கலைக்கப்பட்டது.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 1992 மே 5 அன்று கோர்சிகாத் தீவின் ஃபுரியானி மைதானத்தில் பாஸ்தியாவும் மார்செய்யும் ஆடவிருந்த அரையிறுதிக்காக, பழைய கேலரியை இடித்துவிட்டு அவசர அவசரமாகத் தற்காலிக கேலரி ஒன்றை எழுப்பினார்கள். ஆட்டம் தொடங்குமுன்பே அதன் மேற்பகுதி சரிந்ததில் 18 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். 2,000-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அவ்வாண்டு கோப்பை யாருக்கும் வழங்கப்படவில்லை. நம் ஊர்களில் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி எழுப்பும் கேலரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. சின்ன அணிகளைச் சேருங்கள், ஆனால் அதனால் கூடப்போகும் கூட்டத்துக்கு முதலில் வழி செய்யுங்கள்.

ராதாபுரம் வட்டாரம்:
மூவருக்கும் மிக்க நன்றி. ஊர் அணிகளுக்கு முதலில் தனிச் சுற்றுகள் நடத்திவிட்டு, கல்லூரி அணிகளைக் காலிறுதிக்கு முந்திய சுற்றில் சேர்ப்பது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். கம்பு கேலரி வேண்டாம், மைதானத்தைச் சுற்றித் தரையிலேயே கயிறு கட்டி மக்களை நிறுத்தலாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன். பேட்டை அண்ணாச்சி, கூடுதல் நேரம் இல்லாமல் நேரே பெனால்டிக்குப் போவதை நடுவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

பேட்டை நடுவர்:
தாராளமாக ஏற்றுக்கொள்வார்கள். குலுக்கலுக்கு முன்பே அதை விதியாக எழுதி, எல்லா அணித் தலைவர்களிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.