27 இஞ்ச் மானிட்டர்: ஃபுல் ஹெச்டியா, க்யூஹெச்டியா? தமிழ் எழுத்து தெளிவாகத் தெரியணும்

மெய்ப்புக்காரர்:
வணக்கம். வீட்டில் லேப்டாப்போடு இணைக்க ஒரு அகலத்திரை மானிட்டர் வேண்டும். பகலில் தமிழ் மெய்ப்பு பார்க்கிற வேலை, நடுநடுவே எக்செல். ராத்திரி படம். கேம் கிடையாது. மேசை ஆழம் 2 அடி, சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ 1.4 ஒன்று, டைப்-சி ஒன்று.
பார்த்து வைத்திருப்பவை: 24 இஞ்ச் ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ், 27 இஞ்ச் ஃபுல் ஹெச்டி வளைந்த விஏ, 27 இஞ்ச் க்யூஹெச்டி ஐபிஎஸ் (ஐபிஎஸ், விஏ இரண்டும் திரைப் பேனலின் வகைகள்). "அதே காசுக்கு 32 இஞ்ச் டிவி வாங்கலாமே" என்று வீட்டில் ஒரு யோசனையும் ஓடுகிறது. கடையில் அந்த 27 ஃபுல் ஹெச்டியில் எழுத்து பிசிறடித்த மாதிரி இருந்தது. கோளாறு என் கண்ணிலா, மானிட்டரிலா?

ஒத்தைப்பிக்சல்:
மானிட்டரில்தான். இஞ்சை விடுங்க, ஒரு பிக்சல் எவ்வளவு பெரிசு என்று பாருங்க. 24 இஞ்ச் ஃபுல் ஹெச்டியில் ஒரு பிக்சல் சுமார் 0.275 மி.மீ. அதே 1920×1080-ஐ 27 இஞ்சில் இழுத்தால் 0.311 மி.மீ. 27 இஞ்ச் க்யூஹெச்டியில், அதாவது 2560×1440-இல், 0.233 மி.மீ.

ஆங்கில எழுத்துக்கு 0.311 ஓரளவு ஒப்பேறும். தமிழுக்கு ஒப்பேறாது. 'ண'வின் மூன்று சுழியும் 'ன'வின் இரண்டு சுழியும் சின்ன ஃபான்ட்டில் நாலைந்து பிக்சலுக்குள் அடங்கியாக வேண்டும். 'ன்' மேல் இருக்கிற புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான். பிக்சல் பெரிசானால் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும், சுழிகள் ஒன்றோடொன்று குழம்பும். மெய்ப்பு பார்க்கிறவருக்கு அதுதானே வேலையே.

அதனால் 27 ஃபுல் ஹெச்டியைப் பட்டியலிலிருந்து அடிச்சுடுங்க. பட்ஜெட் இடித்தால் 24, இல்லையென்றால் 27 க்யூஹெச்டி.

டிவி வேண்டவே வேண்டாம். 'ஹெச்டி ரெடி' என்று விற்கிற 32 இஞ்ச் டிவி பெரும்பாலும் 1366×768. பிக்சல் அரை மில்லிமீட்டர்! சில டிவிகள் ஓரத்தை வேறு வெட்டிவிடும், டாஸ்க்பார் பாதி காணாமல் போகும். நிறத் தகவலைக் குறைத்துக் காட்டுகிற டிவியில் கறுப்பு மேல் சிவப்பு எழுத்து வைத்தால் கரைந்து வழிகிற மாதிரி தெரியும். உங்கள் திருத்தங்கள் எல்லாம் சிவப்பில்தானே வரும்?

கறுப்புத்திரை:
மேலே சொன்னது சரி. பேனல் பற்றிக் கொஞ்சம்.

விஏவில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், சுமார் 3000:1, சாதாரண ஐபிஎஸ்ஸில் 1000:1. இருட்டறையில் படம் பார்க்க விஏ அழகு, மறுக்கவில்லை. ஆனால் இருண்ட பிக்சல் நிறம் மாற விஏவில் நேரம் பிடிக்கும். டார்க் மோடில் பக்கத்தை உருட்டினால் எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுக்கும். நாள் முழுக்க உருட்டுகிற ஆளுக்கு இது தொல்லை. 27 இஞ்சில் வளைவால் பெரிய லாபமும் இல்லை. எக்செல் கோடுகள் வில் மாதிரி தெரிவதுதான் மிச்சம்.

பெட்டியில் '1 எம்எஸ்' (பிக்சல் நிறம் மாறும் வேகம்), 'ஹெச்டிஆர்10' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஹெச்டிஆர்10 என்றால் அந்த சிக்னலை (வெளிச்சம்-இருட்டு வித்தியாசம் அதிகமுள்ள பட வகை) வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள், பிரகாசம் கூடும் என்றல்ல. நீங்கள் தேட வேண்டிய வரி வேறு: நிற அளவு, அதாவது திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பது. '99% எஸ்ஆர்ஜிபி' அல்லது '72% என்டிஎஸ்சி' இருந்தால் சரி. '45% என்டிஎஸ்சி' என்றால் படத்தில் தக்காளி வெளிறித் தெரியும்.

மெய்ப்புக்காரர்:
நன்றி இருவருக்கும். 27 க்யூஹெச்டி என்றால் எழுத்து பொடிசாகிவிடாதா? ஹெச்டிஎம்ஐ 1.4 தாங்குமா? ஒரேயடியாக 4கே (3840×2160) போனால் என்ன?

ஒத்தைப்பிக்சல்:
100 சதவீதத்தில் வைத்தால் 24 இஞ்சில் தெரிவதைவிட எழுத்து சுமார் 15% சின்னது. விண்டோஸில் ஸ்கேலிங்கை (எழுத்தைப் பெரிதாக்கும் அமைப்பு) 125% ஆக்குங்க. அப்போது 24 இஞ்சைவிடக் கொஞ்சம் பெரிசாகவே தெரியும், இடமும் 2048×1152 அளவுக்கு மிஞ்சும். இரண்டு பக்கத்தை அருகருகே திறக்கலாம்.

ஹெச்டிஎம்ஐ 1.4 வழியாக 2560×1440, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிப்பது) தாராளமாக வரும். 4கே என்றால் அதே போர்ட்டில் 30 ஹெர்ட்ஸ்தான், மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். டைப்-சி போர்ட்டில் படம் வெளியே வந்தால் 4கே-யை யோசிக்கலாம், ஆனால் எல்லா டைப்-சியிலும் படம் வராது. போர்ட் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட் மின்னலோ இருக்கா பாருங்க. குறி இல்லாவிட்டாலும் சிலதில் வரும், லேப்டாப் கம்பெனியின் ஸ்பெக் பக்கத்தில் மாடல் எண் போட்டு உறுதி செய்துகொள்ளுங்க.

ஸ்க்ரூடிரைவர்:
மேசையைப் பற்றி யாரும் பேசவில்லையே. 27 இஞ்ச் அகலத்திரையின் படப்பரப்பு மட்டும் சுமார் 60 செ.மீ. அகலம். 2 அடி ஆழ மேசையில் ஸ்டாண்டின் கால் 20 முதல் 25 செ.மீ. தின்றுவிடும். நாற்காலியைப் பின்னால் தள்ளி 60 செ.மீ. தூரமாவது கிடைக்கிறதா என்று டேப் வைத்து அளங்க. கிடைக்காவிட்டால் மேசை விளிம்பில் இறுக்கி மானிட்டரைத் தாங்குகிற கிளாம்ப் ஆர்ம் போடலாம். மானிட்டரின் முதுகில் 100×100 மி.மீ. வெசா துளை (ஆர்ம் மாட்டுவதற்கான பொது அளவு) இருக்கணும், பெரும்பாலும் எம்4 திருகு. கண்ணாடி மேசையில் கிளாம்ப் கூடவே கூடாது. பார்ட்டிக்கிள் போர்டு என்றால் அடியில் ஒரு மரத்துண்டு கொடுத்து இறுக்குங்க, இல்லாவிட்டால் விளிம்பு நசுங்கும்.

உயரம் கூட்ட முடியாத ஸ்டாண்டா? பிரிக்காத ஏ4 பேப்பர் ரீம் ஒன்று கிட்டத்தட்ட 5 செ.மீ. தடிமன், அடியில் வையுங்க. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே. பைஃபோக்கல், ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் தாழ்த்தணும், இல்லாவிட்டால் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடிக்கும்.

கடைக்குப் போகும்போது பென்டிரைவில் உங்கள் தமிழ்க் கோப்பு ஒன்று கொண்டுபோங்க. கடையில் ஓட்டுகிற மீன், பூ வீடியோவில் எல்லா மானிட்டரும் அழகாகத்தான் இருக்கும்.

மெய்ப்புக்காரர்:
27 க்யூஹெச்டி ஐபிஎஸ் வாங்கி மாட்டிவிட்டேன். பழைய டைப்-சி ஹப்பில் இருக்கிற ஹெச்டிஎம்ஐ வழியாக இணைப்பு. விண்டோஸில் 2560×1440 என்றே காட்டுகிறது, ஆனால் எழுத்து மங்கல்! கறுப்பும் சாம்பல் மாதிரி வெளுத்துத் தெரிகிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

ஒத்தைப்பிக்சல்:
பொறுங்க, மானிட்டர் மேல் பழி போடாதீங்க. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போங்க. அங்கே 'டெஸ்க்டாப் மோட்', 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்று இரண்டு வரி இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கணும். இரண்டாவதில் 1920×1080 என்றிருந்தால் நடுவில் எங்கோ சிக்னல் குறைந்து போகிறது. என் சந்தேகம் ஹப் மேல். அதைக் கழற்றிவிட்டு லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐயில் நேரே குத்துங்க.

கறுப்புத்திரை:
வெளுத்த கறுப்புக்குக் காரணம் வேறு. லேப்டாப் டிவிக்கு அனுப்புகிற மாதிரி கறுப்பிலிருந்து வெள்ளை வரையான அளவை 16 முதல் 235 வரை மட்டும் அனுப்புகிறது, மானிட்டரோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் அதன் ஆப்பில் 'குவாண்டைசேஷன் ரேஞ்ச்' தேடி 'ஃபுல்' ஆக்குங்க. மானிட்டர் மெனுவில் ஆர்ஜிபி ரேஞ்ச் என்று ஏதாவது இருந்தால் அதையும் ஃபுல். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் நிழல் பகுதி கறுப்பாக அப்பிவிடும்.

அதோடு பிரைட்னஸ் 100-இல் இருக்கும், இறக்குங்க. திரைப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளும் ஒரே அளவு தெரிகிறவரை குறைத்தால் போதும். பிறகு இருட்டில் முழுக் கறுப்பு படம் போட்டு மூலைகளைப் பாருங்க. தலையை நகர்த்தினால் வெளிச்சமும் நகர்ந்தால் அது ஐபிஎஸ் குணம். நகராமல் ஒரே இடத்தில் பட்டையாக நின்றால் பேக்லைட் கசிவு, அப்போது மாற்றித் தரக் கேளுங்க.

மெய்ப்புக்காரர்:
ஆக்டிவ் சிக்னல் 1920×1080 என்றுதான் இருந்தது. நேரே இணைத்ததும் இரண்டும் 2560×1440. ரேஞ்சை ஃபுல் ஆக்கியதும் கறுப்பு கறுப்பானது. வெளிச்சம் மூலையில் நகர்கிறது, ஆக கசிவு இல்லை. ஒன்றே ஒன்று: எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு, 'ன்' புள்ளியைச் சுற்றி லேசாக நிறம்.

ஒத்தைப்பிக்சல்:
வெள்ளைக் கோடு மானிட்டர் மெனுவின் ஷார்ப்னெஸ். கோடு மறைகிறவரை ஒவ்வொரு படியாகக் குறைங்க. சிலதில் 50தான் நடுநிலை, ஒரேயடியாக 0 ஆக்கினால் மறுபடி மங்கும். நிறத்துக்கு, ஸ்டார்ட்டில் 'க்ளியர்டைப்' (எழுத்தோரத்தைச் சீராக்கும் விண்டோஸ் வசதி) என்று தேடி ட்யூனரைத் திறங்க. லேப்டாப் திரைக்கும் மானிட்டருக்கும் தனித்தனியாக மாதிரி காட்டும். மானிட்டர் முறை வரும்போது அதன் முன்னால் நேராக உட்கார்ந்து தேர்ந்தெடுங்க.