காரீயம் கலந்த மண்ணைச் சூரியகாந்தியும் கடுகும் சுத்தம் செய்யுமா?

கேட்டவர்: கொல்லைமண்
வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் காய்கறி போடலாம் என்று மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தேன். ஒரு கிலோ மண்ணில் 480 மி.கி. காரீயம் என்று வந்திருக்கிறது. பழைய சுவர்ப் பெயின்ட் உதிர்ந்து உதிர்ந்து சேர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். மண்ணை வெட்டி எடுத்துக் கொட்ட மனசு வரவில்லை. சூரியகாந்தியும் கடுகும் விதைத்தால் உலோகத்தை உறிஞ்சிவிடும், கூடவே நுண்ணுயிர்ப் பொடி போட்டால் மிச்சத்தைத் தின்றுவிடும் என்கிறார்கள். எத்தனை போகம் போட்டால் மண் சரியாகும்? சின்னக் குழந்தை இருக்கிற வீடு, அதனால்தான் கேட்கிறேன்.

வேர்முடிச்சு:
கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டரில் 20 செ.மீ. ஆழம் வரைக்கும் ஏறக்குறைய 260 கிலோ மண் இருக்கும். 480ஐ உதாரணத்துக்கு 280 ஆகக் குறைக்க, அந்த ஒரு சதுர மீட்டரிலிருந்து மட்டும் 52 கிராம் காரீயம் வெளியே போக வேண்டும். நல்ல விளைச்சலில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ காய்ந்த செடி கிடைக்கிறது, அதில் 100 மி.கி. காரீயம் ஏறுகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு போகத்துக்கு 0.1 கிராம்தான் போகும். அப்படியானால் 520 போகம்! காரீயம் மண்ணோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், வேருக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், தண்டுக்கு ஏறாது. கடுகு ஏராளமாக உறிஞ்சியதாகச் சொல்லும் சோதனைகளில் மண்ணில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஊற்றியிருப்பார்கள். அது காரீயத்தைக் கரைத்துவிடும், செடி எடுத்தது போக மிச்சம் நிலத்தடி நீருக்கு இறங்கும். தயவுசெய்து வீட்டில் அதைச் செய்து பார்க்காதீர்கள்.

மண்புழு:
செடி வழி மொத்தமாகவே வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், எந்த உலோகம் என்பதுதான் முக்கியம். டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்சனிக்கை அள்ளி எடுக்கும் என்று 2001இல் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். காய்ந்த இலை ஒரு கிலோவில் 20 கிராமுக்கு மேல்கூட ஏறும். நியூ கலிடோனியாவில் ஒரு மரம் இருக்கிறது, பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும், அந்தப் பாலைக் காயவைத்தால் கால் பங்கு நிக்கல். காரீயத்துக்கு இந்த மாதிரி நம்பி நடக்கூடிய செடி கிடையாது. அப்புறம் அறுத்த செடி எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். உரக்குழியில் போட்டால் உலோகம் அதே மண்ணுக்குத் திரும்பிவிடும், ஆர்சனிக் ஏறிய பெரணியை எரித்தால் புகையோடு காற்றில் கலக்கும்.

கொல்லைமண்:
520 போகமா! சரி, அப்போது நுண்ணுயிர்ப் பொடி?

வேர்முடிச்சு:
எண்ணெயை நுண்ணுயிர் தின்று கரியமில வாயு ஆக்கிவிடும். காரீயம் ஒரு தனிமம், அதைத் தின்று தீர்க்க எந்த உயிராலும் முடியாது, வடிவத்தைத்தான் மாற்றலாம். குரோமியத்தில் அதுவே பெரிய உதவி, ஏனென்றால் ஆறு இணைதிறன் உள்ள நச்சு வடிவத்தைச் சில பாக்டீரியாக்கள் மூன்று இணைதிறன் வடிவமாக்கிவிடும், அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பாதரசத்தை ஆவியாக்கும் பாக்டீரியாவும் உண்டு, ஆனால் அந்த ஆவி காற்றுக்குத்தான் போகிறது. உள்ளே என்ன நுண்ணுயிர் இருக்கிறது என்றே எழுதாத பொடிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மண்புழு:
உங்களுக்கு வேண்டியது காரீயத்தை அங்கேயே கட்டிப்போடுவது. மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு போட்டு அமில-காரநிலையை 6.5க்கு மேல் கொண்டுவாருங்கள், மக்கிய உரம் நிறையச் சேருங்கள். பாஸ்பேட் சேர்த்தால் காரீயம் எளிதில் கரையாத கனிமமாக மாறும். ஆனால் ஆர்சனிக்குக்கும் சோதனை பார்த்துவிட்டு அதைச் செய்யுங்கள், பாஸ்பேட் ஆர்சனிக்கை மண்ணிலிருந்து விடுவித்துவிடும். பழைய பழத்தோட்டங்களில் காரீய ஆர்சனேட் அடித்த மண்ணில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

குழந்தைக்கு முதல் ஆபத்து காய்கறியைவிட, கையில் ஒட்டி வாய்க்குப் போகும் மண்ணும் தூசியும்தான். அதனால் வெறும் மண் தெரியாதபடி புல் வளர்த்து மூடிவிடுங்கள். காய்கறியை அடியில் துணி விரித்து, வேறு இடத்து நல்ல மண் நிரப்பிய உயரப் பாத்தியில் போடுங்கள். கீரையும் கிழங்கும் பழைய மண்ணில் வேண்டவே வேண்டாம். குழந்தைக்கு ஒரு முறை இரத்தத்தில் காரீய அளவு பார்த்துவிடுங்கள், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கொல்லைமண்:
மிக்க நன்றி. இரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கே கூட்டிப்போகிறேன். சுவரில் மிச்சமிருக்கும் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிடலாமா?

வேர்முடிச்சு:
உலர்ந்தபடி சுரண்டவோ தேய்க்கவோ கூடாது, அந்தத் தூசிதான் எல்லாவற்றிலும் மோசம். நனைத்து நனைத்து எடுங்கள், கீழே தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள், குழந்தை அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டாம்.