புதுப்பிப்பு: ட்ரோலிங்ல (ஓடுற படகுக்குப் பின்னாடி தூண்டில இழுத்து மீன் பிடிக்கிறது) மீனே கடிக்கலன்னு கேட்டிருந்தேன்ல, காரணம் தெரிஞ்சிடுச்சு

போன தடவை நாலு மணி நேரம் லூர் (செயற்கை இரை) இழுத்தும் ஒரு கடி கூட இல்ல, கலர் மாத்தணுமான்னு கேட்டிருந்தேன். நிறைய பேரு கலர விடு, மொதல்ல வேகத்த பாருன்னு சொன்னீங்க, அதுதான் உண்மை.

நான் பண்ணின தப்பு என்னன்னா, பாவாடை மாதிரி குஞ்சம் வச்ச லூரையும் முன்னாடி நாக்கு வச்ச, தண்ணிக்குள்ள முங்கி ஓடுற டைவிங் லூரையும் சேர்த்து ஒரே வேகத்துல, 8 நாட்ல (மணிக்கு 8 கடல் மைல்) இழுத்துட்டு இருந்தேன். குஞ்ச லூருக்கு அது சரி, ஆனா என்னோட டைவிங் லூர் அந்த வேகத்துல ஒரு பக்கமா சாஞ்சு தண்ணிக்கு மேல வந்துடுது. இந்த தடவை வேகத்த 5 நாட்-க்கு குறைச்சு, விடுறதுக்கு முன்னாடி படகு பக்கத்துலயே நேரா ஓடுதான்னு பார்த்துட்டு விட்டேன், தூண்டில் ராடு நுனி ஒரே சீரா துடிச்சா லூர் நல்லா ஓடுதுன்னு அர்த்தம், துடிப்பு நின்னா பாசி மாட்டியிருக்கும், உடனே சுத்தி எடுத்துடுங்க.

விடிகாலைல கறுப்பு-ஊதா லூர்தான் போட்டேன், மங்கல் வெளிச்சத்துல கீழருந்து பார்க்கிற மீனுக்கு அதோட நிழலுருவம் நல்லா தெரியும். ரெண்டு சூரை, ஒரு வஞ்சிரம்! வஞ்சிரத்துக்கு கம்பி லீடர் (லைனுக்கும் லூருக்கும் நடுவுல கட்டுற கம்பித் துண்டு) கட்டாயம் போடுங்க, அதோட பல்லு நைலானை சீவிடும்.

செத்த மீன் இரை அடுத்த தடவைதான். அந்த இரை மீனோட வாயை இறுக்கி கட்டலன்னா சுழண்டு லைன் முறுக்கிக்கும்னு சொன்னவருக்கு ரொம்ப நன்றி அண்ணே, பேரிங் ஸ்விவல் (லைன் முறுக்கிக்காம சுழலுற இணைப்பு) வாங்கி வச்சிட்டேன்.