புதுப்பிப்பு: நாயின் வாலடி அரிப்பு, காரணம் உணவு இல்லை

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாய் வாலடியைக் கடித்துக் கடித்தே முடி கொட்டியது, உணவை மாற்றியும் நிற்கவில்லை என்று கேட்டிருந்தேன்.

பேன் சீப்பால் வாரிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. பூச்சி ஒன்றுகூடச் சிக்கவில்லை, மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள்கள் மட்டும். ஈரமான வெள்ளைத் தாளில் தட்டியதும் ஒவ்வொன்றையும் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவியது. செரித்த ரத்தம், அதாவது தெள்ளுப்பூச்சியின் எச்சம்.

மருத்துவரும் தெள்ளுக்கடி ஒவ்வாமை என்றே உறுதி செய்தார். பூச்சியின் எச்சிலுக்கு உடல் இரண்டு விதமாகப் பொங்குமாம்: ஒவ்வாமை வகைகளில் முதல் வகை எனப்படுவது சில நிமிடங்களில், நான்காம் வகை எனப்படுவது ஓரிரு நாள் கழித்து. ஒன்றிரண்டு கடிக்கே நாள்கணக்கில் சொறிந்தது அதனால்தான்.

நான் எதிர்பாராதது பூனையை! அது ஒரு தடவைகூடச் சொறியவில்லை, ஆனால் அதன்மேலும் அதே துகள்கள். அதற்குத் தனி மருந்து. நாய்க்கான தெள்ளு மருந்துகளில் வரும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு விஷம், கவனம்.

சரி, மருந்து தொடங்கி இப்போது மூன்றாவது மாதம். இரண்டாம் மாதம் நாய்க்கு மறுபடி லேசாக அரித்தது. தரை இடுக்குகளில் இருந்த கூட்டுப்புழுக்களிலிருந்து வெளிவந்த புதுத் தெள்ளுகள்தான் காரணமாம். படுக்கையை வெந்நீரில் துவைத்து, தரையைத் தவறாமல் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்தோம். முடி முளைத்துவிட்டது. பழைய உணவையே கொடுக்கிறேன்.